ஐஸ் தட்டில் ஊற்றிய கோழிச்சாறு

பாளையங்கோட்டை,
4.6.98, வியாழன்.

அன்பு மகன் ஜெய்சனுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் அப்பாவுக்குத் தையல் ஆறிவிட்டது, நான் நடமாடிக்கொண்டிருக்கிறேன், வீடு இடிந்து விழவில்லை. நீயும் அங்கே அமெரிக்காவில் சுகமாகத்தான் இருப்பாய், சுகமில்லாதவன் கோழிச்சாறு வைப்பது எப்படி என்று பெற்ற தாய்க்கு நாலு பக்கம் எழுத மாட்டான். போன ஞாயிறு போனில் கேட்டாய், ஏன் அம்மா ஒரு மாதிரி பேசுகிறாய் என்று. நான் பதில் சொல்ல வாயெடுத்ததும் போன் கார்டு முடியப்போகிறது என்றாய். உன் கார்டு முடிவதற்குள் தீர்கிற கோபம் இல்லை இது, அதனால்தான் எழுதுகிறேன். உட்கார்ந்து படி. வேலைக்கு நடுவில் ஒரு கண்ணால் படிக்காதே.

முதலில் உன் ஃப்ரிட்ஜைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்த மூன்றாம் நாள் உன் சிநேகிதன் வேதமுத்து ஒரு வேனில் கொண்டுவந்து இறக்கினான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுக்களையில் அதற்குப் பிளக் கிடையாது, அதனால் முன்னறையில் நீ பட்டம் வாங்கின போட்டோவுக்குக் கீழே நிறுத்திவிட்டுப் போனான். அதோடு உன் கடிதம். அம்மா தினமும் கோழிக்கு அலைய வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை ஒரு தரம் வைத்தால் வாரம் முழுவதும் போதும் என்று ஆரம்பித்து நம்பர் போட்டு எழுதியிருந்தாய். எலும்பு, கழுத்து, கால் எல்லாவற்றையும் பச்சைத் தண்ணீரில் போட்டுச் சிறு தீயில் நாலு மணி நேரம் வைக்க வேண்டுமாம், தளதளவென்று கொதிக்கக் கூடாதாம், கிண்டக் கூடாதாம், நுரையை எடுத்துக்கொண்டே இருக்க வேண்டுமாம், உப்பு கூடாதாம். வடிகட்டிய பாத்திரத்தைக் குளிர்ந்த தண்ணீரில் இறக்கிச் சீக்கிரம் ஆற்ற வேண்டுமாம். ஒரு ராத்திரி ஃப்ரிட்ஜில் இருந்தால் கொழுப்பு மேலே ஏடாக உறையுமாம், அதை எடுத்துப் போட்டுவிட்டு ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வைத்து, கட்டி கட்டியாகப் பையில் போட்டு, பையின் மேல் என்ன ஏது என்று பெயரும் தேதியும் எழுதி வைக்க வேண்டுமாம். உனக்கு ஒன்பது வயதில் டைபாய்டு வந்தபோது பதினெட்டு நாள் சாறு வைத்து உன்னை எழுப்பி உட்கார வைத்தவள் நான். வெடக்கோழியை மஞ்சள் தடவி நெருப்பில் வாட்டி, எலும்போடு தட்டி, சின்ன உள்ளியும் மிளகும் சீரகமும் அம்மியில் வைத்து, மண்சட்டியில் நாலு செம்புத் தண்ணீரை ஒரு செம்பாக வற்ற வைத்து, துணியில் பிழிந்து, சூடு ஆறுமுன் உன் வாயில் ஊற்றுவேன். மிச்சம் என்ற பேச்சே கிடையாது. அதற்குப் பெயர் சாறு. நீ எழுதியது எலும்பு அலசின தண்ணீர். யாரோ டிவியில் செய்து காட்டியதைப் பார்த்து எனக்குப் பாடம் நடத்துகிறாய், முப்பத்து மூன்று வருஷம் பாடம் நடத்திய டீச்சருக்கு.

ஆனாலும் வைத்தேன். ஏன் வைத்தேன் என்றால், அல்சர் வெடித்து வயிற்றைக் கிழித்துத் தைத்த மனுஷனுக்குக் காரத்தைக் கண்ணில் காட்டக் கூடாது, வெறும் சாறாகக் கொடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். என் முழங்காலும் தினமும் மார்க்கெட் வரைக்கும் நடக்க ஒத்துழைக்கவில்லை. அடுத்த சிலிண்டர் எப்போது வரும் என்று தெரியாத நிலையில் நாலு மணி நேரம் கேஸ் எரித்தேன், பாதியில் மனது கேட்காமல் மண்ணெண்ணெய் ஸ்டவ்வுக்கு மாற்றினேன். பொய் சொல்ல மாட்டேன், நன்றாகத்தான் வந்தது. கரண்டியில் எடுத்தால் நுங்கு மாதிரி ஆடியது. மூன்று கட்டியைச் சின்னச் சட்டியில் போட்டுச் சூடாக்கினால் ஒரு டம்ளர் சாறு. நீ சொன்னதில் இரண்டை மட்டும் மீறினேன். உப்பில்லாமல் இறக்க எனக்குக் கை வரவில்லை, ஒரு சிட்டிகை போட்டேன். பையில் போட்டுப் பெயர் எழுதவில்லை, சாப்பிடுகிற பொருளைப் பிளாஸ்டிக் பையில் கட்ட அருவருப்பாக இருந்தது, இரண்டே பேர் இருக்கிற வீட்டில் யாருக்குப் பெயர் எழுத என்று இரண்டு தட்டையும் அப்படியே உள்ளே வைத்துவிட்டேன். இன்னொன்றும் உண்டு, அதை எழுதத்தான் கை கூசுகிறது. அப்பா பழசைத் தொட மாட்டார் என்று உனக்குத் தெரியும். நேற்று வைத்த சாற்றைக் குடித்தால் தையலில் சீழ் பிடிக்கும் என்று அவரே ஒரு சட்டம் போட்டுக்கொண்டு, டம்ளரை நீட்டும்போதெல்லாம் இன்னைக்கு அறுத்ததா சாரா என்று கேட்பார். ஆமா, இப்பத்தான் பீர் மைதீன் கடையிலிருந்து வந்தது என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். பத்து நாள் சொன்னேன்.

சம்பந்தம் அண்ணாச்சியை நீ மறந்திருக்க மாட்டாய். திருஞானசம்பந்தம் என்று முழுப் பெயரையும் சொல்ல வராமல் நீ சம்மந்தம் மாமா, சம்மந்தம் மாமா என்று அவர் தோளில் ஏறிக் கிடந்தவன். தபாலாபீஸில் அப்பாவுக்குப் பக்கத்து ஸ்டூலில் இருபத்தேழு வருஷம் உட்கார்ந்தவர், அடுத்த தெரு, ஓய்வு பெற்ற பிறகும் ஒரு நாள் தவறாமல் வருகிறவர். சுத்த சைவம். பீர் மைதீன் கோழிக்கடை இருக்கிற ரோட்டில் நடக்க மாட்டார், பள்ளிக்கூட மதில் ஓரமாகச் சுற்றித்தான் நம் வீட்டுக்கு வருவார். நம் வீட்டில் அவர் சாப்பிட்டதில்லை, நாமும் வற்புறுத்தியதில்லை. தண்ணீர், சர்பத், அவ்வளவுதான். கல்யாணமாகி நான் இந்த வீட்டுக்கு வந்த புதிதில் அவர் தண்ணீர் கேட்டபோது நம் டம்ளரில் கொடுக்க எனக்கே மனது வரவில்லை, மீன் குழம்பு படிந்த டம்ளர். மறுநாள் பாத்திரக்கடையில் ஒரு எவர்சில்வர் டம்ளர் வாங்கி 'தி' என்று எழுத்து வெட்டிக் கொண்டுவந்தேன். அவர் கேட்கவில்லை, நானாகச் செய்தது. அது அடுக்களைக்குள் போகாது, முன்னறைப் பலகையில் தனியாகக் கவிழ்த்தியிருக்கும், வேறு யாரும் தொட மாட்டோம். சின்ன வயதில் ஒரு தரம் நீ அதில் பால் குடித்ததற்கு முதுகில் வாங்கியது நினைவிருக்கிறதா. இத்தனை வருஷமும் அந்த மனுஷன் நம் வீட்டில் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிக் குடித்தது அந்த ஒரு டம்ளரை நம்பித்தான்.

அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றைக்கு நீ போனில் என்ன சொன்னாய்? பிராஜெக்ட் முடியாமல் நகர முடியாது அம்மா, பணம் எவ்வளவு வேண்டுமானாலும் அனுப்புகிறேன் என்றாய். பணத்தை யாரப்பா கேட்டார்கள். ஆபரேஷன் ஃபாரத்தில் கையெழுத்துப் போட வீட்டு ஆண் யாராவது வாருங்கள் என்றாள் நர்ஸ். நான் போடுகிறேன் என்று பேனாவை வாங்கி என் பெயரையே தப்பாக எழுதி அடித்தேன். நெற்றி நிறையத் திருநீறோடு அண்ணாச்சி முன்னால் வந்து கையெழுத்துப் போட்டார். உறவு என்று இருந்த இடத்தில் 'அண்ணன்' என்று எழுதினார். நர்ஸ் ஃபாரத்தில் அருமைநாயகம் என்ற அப்பா பெயரைப் பார்த்தாள், அவர் நெற்றியைப் பார்த்தாள், ஃபாரத்தை வாங்கிக்கொண்டாள். ஒன்பது நாள் வராந்தா பெஞ்சில் இருந்தார். பக்கத்துக் கட்டிலுக்கு முட்டையும் மீனும் வரும்போது துண்டால் முகத்தை மூடிக்கொள்வாரே தவிர எழுந்து போகவில்லை.

இனி அந்த வியாழக்கிழமை. மே மாதம் இருபத்தொன்றாம் தேதி. பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்துக்கு நான் போயிருந்தேன், வெளியே கண் திறக்க முடியாத வெயில். அண்ணாச்சி வந்திருக்கிறார். அப்பாவுக்கு அவரிடம் உன் ஃப்ரிட்ஜின் பெருமையைக் காட்டியாக வேண்டும். அது வந்ததிலிருந்து பால்காரன், மீட்டர் பார்க்க வந்தவன், உபதேசியார் என்று ஒருவர் விடாமல் என் மகன் வாங்கித் தந்தது என்று சொல்லிச் சொல்லித் துண்டால் துடைத்துக்கொண்டே இருப்பார். எழுந்து நடக்கக் கூடாத மனுஷன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து, பலகையிலிருந்து அந்த டம்ளரை எடுத்துத் தானே கழுவி, நன்னாரி ஊற்றி, எலுமிச்சை பிழிந்து, பானைத் தண்ணீர் விட்டு, மேல் தட்டிலிருந்து நாலு கட்டியைக் கத்திக் காம்பால் தட்டி எடுத்து, பாத்தியளா அண்ணாச்சி, நம்ம ஜெய்சன் ஐஸு என்று போட்டுக் கொடுத்திருக்கிறார். கட்டி மஞ்சளாகக் கலங்கி இருந்ததே, தெரியவில்லையா என்று பிறகு கேட்டேன். மே மாசத் தண்ணி, ஆறு வத்திக் கிடக்கு, கலங்கித்தான் இருக்கும்னு நெனச்சேன் என்கிறார். அண்ணாச்சி மூக்கோ பொடிக்கென்றே நேர்ந்துவிட்ட மூக்கு, பால் தீய்ந்து வீடு புகைந்தாலும் அதற்குத் தெரியாது. குடித்துவிட்டு, என்னலே நாயகம், சர்பத்துல உப்புக் கரிக்கு என்று மட்டும் கேட்டாராம். சாரா ஐஸுல ஒரு சிட்டிகை போட்டிருப்பா, வெயிலுக்கு நல்லதுல்லா என்று அப்பா சொல்லியிருக்கிறார். நல்லாத்தான் இருக்கு என்று அடிமண்டி வரை குடித்துவிட்டுப் போயிருக்கிறார்.

நாலு மணிக்கு அப்பாவுக்குச் சாறு சூடாக்கலாம் என்று தட்டை எடுத்தேன், நாலு குழி காலி. கேட்டேன். அண்ணாச்சிக்குச் சர்பத்துல போட்டேன், ஏன் என்றார். ஃப்ரிட்ஜ் கதவு திறந்து கிடக்க அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாயிற்று. உன் அப்பாவுக்கு முதலில் உறைத்தது எது தெரியுமா, பத்து நாளா எனக்குப் பழசையா குடுத்தே என்று கத்தினார், ஆபரேஷனுக்குப் பிறகு அன்றைக்குத்தான் குரல் முழுசாக வந்தது. அப்புறம்தான் அண்ணாச்சி நினைவு வந்து முகம் வெளுத்தது. அந்த நேரத்தில் உன்மேல் வந்த கோபத்தை நான் எழுதினால் தபாலில் சேர்க்க மாட்டார்கள். பையில் போட்டுப் பெயர் எழுதச் சொன்னேனே அம்மா என்று நீ சொல்வாய், சொல்லு. எழுதாதது என் தப்பு. உண்மையைச் சொல்லாதது அதைவிடப் பெரிய தப்பு. நான் பொய் சொல்லியிராவிட்டால் அந்தத் தட்டில் என்ன இருக்கிறது என்று அப்பாவுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் என் தப்பை நான் அறிந்ததனால் உன்மேல் கோபம் குறைந்துவிடும் என்று நினைக்காதே, இரண்டும் சேர்ந்து கூடத்தான் செய்கிறது.

அப்பா சொல்ல வேண்டாம் என்றார். சொன்னா அந்த மனுசன் ஒடஞ்சிருவாரு சாரா, தெரியாம இருந்துட்டுப் போகட்டும், யாருக்கு என்ன நட்டம் என்றார். நானும் கோழை, சரி என்றேன். மறுநாள் அண்ணாச்சி வந்து உட்கார்ந்ததும், டீச்சர், நேத்து நாயகம் குடுத்த உப்புச் சர்பத்து நல்லா இருந்து, அது மாதிரி ஒண்ணு போடுங்க என்று கேட்டார். கரண்ட் இல்லை, ஐஸ் உறையவில்லை என்று சாதா சர்பத் கொடுத்தேன். தலைக்கு மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருக்கிறது. அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, நான் சொன்னால் அது சரி. அப்பா பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு சிரித்துச் சிரித்துப் பேசினார். சனிக்கிழமையும் இதே நாடகம். ஞாயிறு திருவிருந்து ஆராதனை. என் வரிசை எழுந்தபோது நானும் எழுந்தேன். நாலு அடி நடந்தேன். திராட்சரசக் கிண்ணத்தைப் பார்த்ததும் பலகையில் கவிழ்த்தியிருக்கிற டம்ளர்தான் கண்ணில் நின்றது. திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டேன். முப்பது வருஷத்தில் நான் அப்படி உட்கார்ந்ததில்லை, பாஸ்டரம்மா உடம்புக்கு என்ன என்று கேட்டாள், தலைசுற்றல் என்று அங்கேயும் ஒரு பொய்.

அன்று சாயங்காலம் அண்ணாச்சி வந்ததும் டம்ளரில் தண்ணீரைக் கொடுத்துவிட்டு எதிரே நின்றே சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. அண்ணாச்சி, வியாழக்கிழமை நீங்க குடிச்ச ஐஸு கோழிச்சாறு, எங்க ரெண்டு பேருக்கும் தெரியாம நடந்துபோச்சு என்றேன். அவர் இடுப்பிலிருந்து பொடி டப்பியை எடுத்தார், திறந்தார், போடாமலே மூடினார். நாயகத்துக்கு எப்பத் தெரியும் என்று கேட்டார். அன்னைக்குச் சாயங்காலமே தெரியும் என்றேன். அப்ப மூணு நாளாத் தெரியும் என்றார். ஆமா என்றேன். அப்பா கட்டிலில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார். அண்ணாச்சி தண்ணீரை வாசல் செடியில் ஊற்றினார், டம்ளரைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார். நம்மைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இன்றைக்குப் பதினோரு நாள். வரவில்லை. அவர் வீட்டுக்குப் போனேன், பாவநாசம் போயிருக்காவ, எதுக்குன்னு சொல்லல என்றாள் அவர் வீட்டம்மா, அவளிடம் அவர் எதையும் சொல்லவில்லை என்று தெரிந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. இரண்டு தட்டையும் அன்றைக்கே கொல்லையில் கொட்டிவிட்டேன். அண்ணாச்சி போனதிலிருந்து அப்பா சாறு குடிப்பதை நிறுத்திவிட்டார். புதிதாக வைத்தாலும் வேண்டாம் என்கிறார். கஞ்சித் தண்ணீர் இரண்டு வாய், அதுவும் கெஞ்சினால். சட்டை தோளில் நிற்கவில்லை, டாக்டர் திட்டுகிறார். கேட் கொண்டி அசைந்தால் தலையைத் தூக்குகிறார், பால்காரன் என்றதும் போட்டுவிடுகிறார். ஜெய்சன், வயிற்றுத் தையலைப் பற்றி மட்டும் போனில் கேட்கிறாயே, உன் அப்பா பிழைத்தது யாரால், இப்போது ஒடுங்குவது எதனால் என்று உனக்குத் தெரிய வேண்டாமா? நீ வந்து பத்து நாள் இருந்திருந்தால் தினமும் போய் ஒரு கோழி வாங்கிக் கொடுத்திருப்பாய். ஃப்ரிட்ஜும் வேண்டாம், தட்டும் வேண்டாம், என் பொய்யும் வேண்டாம். வர முடியாதவன் வராமல் இருந்திருக்கலாம். வராமல் இருந்துகொண்டு அங்கிருந்தே எங்கள் அடுக்களையை நடத்தப் பார்த்தாயே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

6.6.98, சனி.

மேலே உள்ளதை எழுதி, படித்துப் பார்த்து, இவ்வளவு காரம் வேண்டுமா என்று ஒட்டாமல் வைத்திருந்தேன். காரம் அப்படியே இருக்கட்டும். ஆனால் நேற்று நடந்ததை எழுதாமல் அனுப்பினால் அண்ணாச்சிக்கு இன்னொரு துரோகம் செய்ததாகிவிடும்.

நேற்றுப் பதினொரு மணிக்குப் பீர் மைதீன் சைக்கிளில் வந்து நின்றார். ஹேண்டில்பாரில் கால் கட்டின வெடக்கோழி ஒன்று. நான் சொல்லவில்லையே பாய் என்றேன். சம்பந்தம் அண்ணாச்சி குடுத்துவிடச் சொன்னாவ டீச்சரம்மா என்றார். யார் யார் என்று இரண்டு தரம் கேட்டேன். அவருக்கே நம்ப முடியவில்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் சைக்கிள் கடை வாசல்ல நின்னுக்கிட்டு, துண்டால மூக்கைப் பொத்திக்கிட்டு, பாய், நாயகம் வீட்டுக்கு நல்லதா ஒண்ணு குடுத்துவிடும், இன்னைக்கே வச்சு இன்னைக்கே குடிக்கணும்னு சொல்லிரும்னு சத்தம் போட்டாவ, இருவது வருசமாக் கடை வச்சிருக்கேன், அவிய அந்த ரோட்டுல நின்னு நான் பாத்ததில்ல என்றார். பொடி போட்டுச் செத்துப்போன மூக்குக்கு என்ன வாடை தெரியப்போகிறது, ஆனாலும் பொத்திக்கொண்டு நின்றிருக்கிறார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து, கோழியைக் கையில் வாங்கவே மறந்து நின்றேன்.

மண்சட்டியில் வைத்தேன். என் முறைப்படி, நாலு செம்பு ஒரு செம்பாக, டாக்டர் இப்போது அனுமதித்த அளவுக்கு நாலே நாலு மிளகு. ஐந்து மணிக்கு அண்ணாச்சி வந்தார், கையில் மஞ்சள் பை. உட்காரவில்லை. கட்டிலுக்கு நேரே நின்று, அந்தப் பொறுமைசாலி வாயிலிருந்து நான் கேட்டறியாத குரலில் கேட்டார். ஏலே நாயகம், ஐஸைத் தெரியாமப் போட்டே, அதுக்குப் பாவநாசத்துல நாலு முங்கு போட்டேன், தீந்து போச்சு. மூணு நாளு தெரிஞ்சுக்கிட்டே என் மூஞ்சியப் பாத்துச் சிரிச்சியே, அதுக்கு நான் எந்த ஆத்துலலே போய் முங்க என்றார். அப்பா கைலியைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார், தையல் பிரிந்துவிடுமோ என்று பயந்துவிட்டேன். அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். நீங்களுந்தான் டீச்சர், ஃபேன் ஓடுது, கரண்ட் இல்லங்கிய, நான் பாக்கலன்னா நெனச்சிய என்றார். முப்பத்து மூன்று வருஷம் பிள்ளைகளை நிற்க வைத்துக் கேள்வி கேட்டவள், தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

அப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சாறு வச்சாச்சா என்றார். கொண்டுவந்தேன். அப்பா சாறு குடிக்கும்போது வழக்கமாகச் செய்வதுபோலவே அண்ணாச்சி பேப்பரை விரித்துத் தன் முகத்தை மறைத்துக்கொண்டார். பேப்பருக்குப் பின்னாலிருந்து, முழுசும் குடிச்சிட்டானா என்று கேட்டார். பாதிதான் என்றேன். மிச்சம் வைக்கப்படாதுன்னு சொல்லுங்க என்றார். உன் அப்பா கண்ணீரும் மூக்கும் வடிய அந்தச் சாற்றைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார், பன்னிரண்டு நாளைக்குப் பிறகு. பேப்பர் மடிந்தது. அண்ணாச்சி மஞ்சள் பைக்குள் கைவிட்டு 'தி' போட்ட டம்ளரை எடுத்து என்னிடம் நீட்டினார். சர்பத் போடட்டுமா அண்ணாச்சி என்றேன். வேண்டாம் டீச்சர், பானைத் தண்ணி போதும் என்றார். கொண்டுவந்து கொடுத்தேன். வாங்கியவர் எப்போதும்போலக் கண்ணை மூடிக்கொண்டு குடிக்கவில்லை. ஒரு நொடி உள்ளே பார்த்தார். பார்த்துவிட்டுத்தான் குடித்தார். இத்தனை வருஷத்தில் அந்த ஒரு பார்வையை நாம் சம்பாதித்து வைத்திருக்கிறோம். அது போக எத்தனை நாளாகும் என்று எனக்குத் தெரியாது.

இதற்கு நீ என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறேன், கேள். அண்ணாச்சிக்கு உன் கையால், தமிழில், ஒரு கடிதம் எழுது. ஐஸுக்காக மன்னிப்புக் கேட்க வேண்டாம், அது எங்கள் பாடு. நீ போட வேண்டிய கையெழுத்தை அவர் போட்டாரே, அதற்கு எழுது. வேதமுத்துவிடம் சொல்லி மிக்ஸி, கிரைண்டர் என்று இனி எதையும் இறக்காதே, இறக்கினால் வந்த வேனிலேயே திருப்பி அனுப்புவேன். ஃப்ரிட்ஜில் தண்ணீர் மட்டும் வைத்திருக்கிறேன், தட்டில் 'தண்ணீர்' என்று பேப்பரில் எழுதி ஒட்டியும் இருக்கிறேன். குளிரில் தலைக்குக் குல்லாய் இல்லாமல் அலையாதே, வேளைக்குச் சாப்பிடு, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிறாயா என்று போனில் கேட்டால் ம் ம் என்கிறாயே, அந்த ம் எனக்குப் பிடிக்கவில்லை. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காக்கட்டும், வரத்தை முக்கியமாகக் காக்கட்டும். நான் உன்னைத் திட்டாத நாள் இல்லை, உன் பெயரைச் சொல்லி ஜெபிக்காத நாளும் இல்லை. கோபம் இன்னும் தீரவில்லை, அதைக் கடிதத்தில் தீர்த்துவிட முடியாது, எதிரே நீ நின்றால்தான் தீரும். எதை வைத்தாலும் அதன் மேல் தேதி எழுது அம்மா என்று நீதானே எனக்குச் சொல்லிக்கொடுத்தாய். பதில் எழுதும்போது வேறொன்றும் எழுதாவிட்டாலும் பரவாயில்லை, நீ வருகிற தேதியை எழுது.

உன் அம்மா,
சாரம்மாள் அருமைநாயகம்.